கண்ணாடிக் கூடத்து அம்மையார்

காமிராவை நான் முதன்முதலாகக் கையில் எடுத்தது கல்கத்தாவுக்குப் படிக்க வந்த பிறகுதான். இந்நகரின் பெயர் 2001ஆம் ஆண்டிலேயே கொல்கத்தா என்று மாறிவிட்டது. ஆயினும் நான் சொல்லப் போகும் வரலாறு பழைய கல்கத்தாவில் தொடங்குவதால் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன். விடுதி நண்பர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தம் பழைய காமிராவைக் குறைந்த விலைக்கு என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதன் உச்சியில் ஒரு சக்கரம். அதைப் பச்சைப் புள்ளியில் நிறுத்தினால் காமிரா எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும். எம் என்ற எழுத்தில் நிறுத்தினால் வாயை மூடிக்கொள்ளும். மூன்று கணக்குகளை நாமே போட வேண்டும். லென்சின் துளை எவ்வளவு திறக்க வேண்டும், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், ஒளியை வாங்கும் தகட்டின் உணர்திறன் எவ்வளவு என்பவையே அம்மூன்று. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். மாதக் கடைசியில் நாம் போடும் செலவுக் கணக்கைப் போலத்தான்.

விடுதிச் சமையற்கட்டில் மாலை வேளையில் சப்பாத்தி இடும் பெரியவர் ஒருவரை அப்படிக் கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தேன். வெளிச்சம் போதவில்லை. துளையை முழுவதும் திறந்து, எட்டில் ஒரு வினாடி ஷட்டரைத் திறந்து வைத்தேன். அவருடைய ஒரு கண் தெளிவாக விழுந்தது. காதும் கழுத்தும் புகைபோலக் கரைந்தன. அசைந்துகொண்டிருந்த கை, கை என்றே தெரியவில்லை. இருந்தும் அம்முகத்தில் நான் பார்த்த களைப்பு அப்படியே இருந்தது. ஆசையோடு ஒரு போட்டிக்கு அனுப்பினேன். குவியம் பிழை என்ற ஒற்றை வரியுடன் அது திரும்பி வந்தது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

அந்த வாரத்தில் நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது ஒரு பெரிய படநூல் கையில் கிடைத்தது. ஒரு பக்கத்தில் ஒரு கிழவரின் முகம். வெள்ளி நூல் கலைந்ததுபோல் தலைமுடி; சுற்றிலும் இருட்டு; கண்கள் மட்டும் நம்மைத் தாண்டி எங்கோ பார்க்கின்றன. ஓரங்களெல்லாம் மங்கல். என் படத்தில் குற்றம் என்று சொல்லப்பட்டவை அத்தனையும் அதில் இருந்தன! எடுத்தவர் பெயர் ஜூலியா மார்கரெட் காமரன் என்று கீழே போட்டிருந்தது. காமிராவுக்கும் காமரனுக்கும் உறவேதும் இல்லை, பெயர்ப் பொருத்தம் மட்டுமே. ஆனால் பிறந்த ஊர் கல்கத்தா என்றும், இறந்த நாடு இலங்கை என்றும் படித்தபோது நூலை மூடிவைக்க மனம் வரவில்லை. அன்று தொடங்கித் தேடிச் சேர்த்ததை நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

ஜூலியா 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர்ந்த அதிகாரி. தாயார் பிரெஞ்சுக் குலத்தவர். பெண் குழந்தைகள் நிறைந்த வீடு. சகோதரிகள் அழகுக்குப் பேர்போனவர்கள். ஜூலியாவை மட்டும் அப்படி யாரும் சொன்னதில்லை; அறிவுக்கும் பிடிவாதத்துக்கும்தான் அவர் பெயர் பெற்றார். அழகிகள் நடுவில் அழகில்லாதவராக வளர்ந்த பெண் பிற்காலத்தில் வாழ்நாளெல்லாம் பிறர் முகங்களில் அழகைத் தேடித் திரிந்ததற்கு இதுவே வித்தாக இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

படிப்பு பிரான்சில் நடந்தது. 1836இல் உடல்நலம் தேடித் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனார். அங்கே அவர் வாழ்க்கையைத் திருப்பிய இருவரைச் சந்தித்தார். ஒருவர் தென்வானத்து விண்மீன்களைக் கணக்கெடுக்க வந்திருந்த வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். மற்றவர் தம்மைவிட இருபது வயது மூத்த சட்ட அறிஞர் சார்லஸ் ஹே காமரன். முன்னவர் ஆயுள்கால நண்பரானார். பின்னவர் 1838இல் கல்கத்தாவில் கணவரானார். சட்டம் பயிலும் நண்பர்கள் கவனிக்க வேண்டும்: மெக்காலேயின் தலைமையில் அமைந்த முதல் சட்டக் குழுவில் இந்தக் காமரன் ஓர் உறுப்பினர். அக்குழு வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறி, 2024ஆம் ஆண்டு வரை நம்மை ஆண்டது.

ஹெர்ஷல் செய்த உதவி பெரிது. வெள்ளி உப்பைக் கரைக்கும் ஹைப்போவின் ஆற்றலை 1819இலேயே கண்டவர் அவர். 1839இல் ஒளிப்படக் கலை பிறந்தபோது, எடுத்த படம் வெளிச்சத்தில் கறுத்துப் போகாமல் நிலைநிறுத்த அந்த ஹைப்போதான் கைகொடுத்தது. அந்தப் புதுமையைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்த தோழிக்கு எழுதினார். 1842இல் சில மாதிரிப் படங்களையும் அனுப்பினார். ஆனால் ஜூலியா அப்போது காமிராவைத் தொடவில்லை. குழந்தைகள், விருந்துகள், கணவரின் பதவிக்கு ஏற்ற குடும்பப் பொறுப்புகள் என்று காலம் ஓடியது. 1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தது. 1860இல் வைட் தீவில் பிரஷ்வாட்டர் என்ற கடலோர ஊரில் இரண்டு வீடுகளை வாங்கி ஒன்றாக்கினார்கள். அவ்வீட்டுக்கு டிம்போலா என்று பெயர். இலங்கை மலைநாட்டில் அவர்களுக்கிருந்த காப்பித் தோட்டத்தின் பெயர் அது. இப்பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1863ஆம் ஆண்டு டிசம்பரில் கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கை போயிருந்தார். பிள்ளைகள் வளர்ந்து பிரிந்துவிட்டனர். தனிமையில் இருந்த தாய்க்குப் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அம்மையாருக்கு வயது 48. நம்மில் சிலர் இருபது வயதிலேயே இனிமேல் எதைக் கற்பது என்று அலுத்துக்கொள்கிறோம்.

அந்தக் காமிரா நம்முடையதைப் போல அல்ல. மரப்பெட்டி, முன்னால் பித்தளைக் குழலில் லென்ஸ், பின்னால் கண்ணாடித் தகடு. அந்நாளில் நடந்தது ஈரக் கொலோடியன் முறை. ஈதரிலும் சாராயத்திலும் கரைத்த பசையான கொலோடியனைக் கண்ணாடித் தகட்டின்மேல் ஊற்றி, நான்கு மூலைக்கும் சாய்த்துப் பரப்ப வேண்டும். உடனே இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்த வேண்டும். ஈரம் காய்வதற்குள் காமிராவில் செருகிப் படம் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு இருட்டறைக்கு ஓடி உருத்துலக்க வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள். காய்ந்தால் தகடு வீண். தூசி விழுந்தால் புள்ளி. விரல் பட்டால் ரேகை. கை நடுங்கினால் அலை அலையாகக் கோடு. வெள்ளி நைட்ரேட் பட்ட தோல் கறுத்துவிடும். அம்மையாரின் விரல்களும் உடைகளும் எப்போதும் கறை படிந்தே இருந்தன என்று அவரைக் கண்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லை. நிலக்கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறையாக்கினார். கோழிகளை வெளியேற்றிவிட்டு, கண்ணாடி பதித்த கோழிக் கூடத்தைப் படக்கூடமாக்கினார். முதலில் எடுத்த படத்தைத் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டாராம். பெட்டியை எங்கே வைப்பது, குவியத்தை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் தொடங்கியவர், 1864 ஜனவரியில் ஆனி பில்பாட் என்ற சிறுமியின் படத்தை எடுத்து, அதையே தம் முதல் வெற்றி என்று எழுதி வைத்தார். படம் நன்றாக வந்த மகிழ்ச்சியில், ஏதோ அச்சிறுமியே அதைச் செய்து தந்ததுபோல் வீடெல்லாம் பரிசு தேடி ஓடினார் என்பதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, அன்பும் வந்தது.

இனி அந்த மங்கலைப் பற்றி. அம்மையார் குவியத்தைத் திருப்பிக்கொண்டே வருவார். தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடம் வந்ததும் நிறுத்திவிடுவார். மற்றவர்களோ மயிரிழைகூடத் தெளிவாகத் தெரியும் வரை திருப்பிக்கொண்டே போவார்கள். தலை மட்டுமே தகட்டை நிரப்பும்படி நெருங்கிச் சென்றதால் மூக்கு தெளிந்தால் காது மங்கும். எதிரிலிருப்பவர் நிமிடக் கணக்கில் உட்கார வேண்டியிருந்ததால் மூச்சு விடும் அசைவும் படத்தில் கலந்தது.

எத்தனை நிமிடம்? மூன்று முதல் ஏழு நிமிடம் வரை என்று படித்தபோது நான் நம்பவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் அறையில் மாலை வெளிச்சத்தில் துளை 2, உணர்திறன் 1600, நேரம் அறுபதில் ஒரு வினாடி என்று வைத்தால் முகம் சரியாக விழுகிறது. கொலோடியன் தகட்டின் உணர்திறன் இன்றைய அளவில் ஏறத்தாழ 1தான். அப்படியானால் 1600 மடங்கு நேரம் வேண்டும். அதாவது சுமார் 27 வினாடி. துளையை 2இலிருந்து 8க்குச் சுருக்கினால் உள்ளே வரும் ஒளி பதினாறில் ஒரு பங்காகும். 27ஐப் பதினாறால் பெருக்கினால் ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல்! அன்றிரவு அடுத்த அறை நண்பரை நாற்காலியில் உட்கார வைத்து, ஏழு நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் நிமிடத்தில் சிரிப்பை அடக்கினார். இரண்டாவது நிமிடத்தில் முகம் விறைத்தது. நான்காவது நிமிடத்துக்குமேல் படம் எடுக்கிறோம் என்பதே மறந்து, தனியாக இருக்கும்போது அவருக்கிருக்கும் முகம் வந்தது. அம்மையாரின் படங்களில் யாரும் சிரிக்காததன் காரணமும், எல்லாருமே எதையோ நினைத்துக்கொண்டிருப்பதன் காரணமும் எனக்கு அப்போது விளங்கின.

பக்கத்து வீட்டுக்காரர் கவியரசர் டென்னிசன். அவர் அகப்பட்டுக்கொண்டது ஒருபுறம். வந்த விருந்தினரையும் பிடித்துக் கொடுத்தார். 1868இல் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவை அழைத்து வந்து, இந்த அம்மையார் சொல்கிறபடியெல்லாம் கேட்க வேண்டியதுதான் என்று எச்சரித்து விட்டுவிட்டுப் போனாராம். அதே ஆண்டில் பிரஷ்வாட்டருக்கு ஓய்வெடுக்க வந்த டார்வினும் தப்பவில்லை. கார்லைல், பிரவுனிங் எல்லாரும் உட்கார்ந்தனர். நான் நூலகத்தில் கண்ட கிழவர் வேறு யாருமல்லர், ஹெர்ஷல்தான். 1867இல், தம் 75ஆம் வயதில், தோழியின் சொற்படி தலையைக் கழுவி முடியைக் கலைத்துவிட்டுக்கொண்டு அவர் அமர்ந்தார். ஒளிப்படத்தை நிலைக்கச் செய்தவரை அந்த ஒளிப்படத்திலேயே நிலைக்கச் செய்துவிட்டார் அம்மையார்.

பெரியவர்களை மட்டும் எடுத்தார் என்று நினைக்க வேண்டாம். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் அவர் படங்களில் கன்னி மரியாளாகத் திரும்பத் திரும்ப வருகிறாள். மேரி ரயன் என்ற மற்றொரு பெண்ணின் கதை இன்னும் விந்தை. தாயோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்த அந்த ஐரிஷ் சிறுமியை அம்மையார் வீட்டுக்கு அழைத்து வந்து, படிப்பும் கொடுத்து, பணிப்பெண்ணாகவும் படத்துக்கு உருவாகவும் வைத்துக்கொண்டார். லண்டனில் நடந்த ஒரு படக் கண்காட்சியில் அவளைக் கண்ட ஓர் இளைஞன் மனத்தைப் பறிகொடுத்து, 1867இல் அவளை மணந்து இந்தியாவுக்கு அழைத்து வந்தான். அந்த இளைஞன்தான் ஹென்றி காட்டன்; 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர். அவர் 1845இல் பிறந்த ஊர் எது தெரியுமோ? நம் கும்பகோணம்!

புகழுக்குக் குறைவில்லை, ஏச்சுக்கும் குறைவில்லை. ஓவியர்கள் கொண்டாடினார்கள். ஒளிப்படத் தொழிலாளரும் அவர்களுடைய இதழ்களும் கரித்துக் கொட்டினார்கள். குவியம் தெரியாதவர், தகட்டைச் சுத்தமாக வைக்கத் தெரியாதவர், தம் பிழையைக் கலை என்று விற்பவர் என்றெல்லாம் எழுதினார்கள். ஆலிஸ் கதை எழுதிய லூயிஸ் கரோலும் காமிரா பிடித்தவர். அவருக்கும் இந்த மங்கல் பிடிக்கவில்லை. அம்மையார் அசையவில்லை. விரல் ரேகையும் விரிசலும் உள்ள தகடுகளிலிருந்தும் படி எடுத்து விற்றார். படங்களுக்குப் பதிப்புரிமை பதிவதில் மட்டும் மிகவும் கவனமாக இருந்தார். 1865இல் லண்டன் தெற்கு கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. 1868இல் படம் எடுப்பதற்கு இரண்டு அறைகளையும் ஒதுக்கிக் கொடுத்தது. அதுதான் இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பிழையும் அவர் வேண்டுமென்றே செய்ததல்ல. சில உண்மையிலேயே பிழைகள்தாம். என் சமையற்கட்டுப் படமும் அப்படியே. கண்ணை நான் குறிபார்த்துப் பிடித்தேன். கையை இழந்தது என் அறியாமை. அம்மையாரைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போட்டி நடத்தியவர்களோடு சண்டைக்குப் போக எனக்கு வாய் இல்லை.

படங்களால் பெயர் வந்ததே ஒழியப் பணம் நிலைக்கவில்லை. இரசாயனப் பொருள்களின் செலவு ஒருபுறம்; தாராளமான கை மறுபுறம். குடும்பத்தின் வருவாயெல்லாம் இலங்கைக் காப்பியில் இருந்தது. 1869இல் அங்கே காப்பி இலையில் துரு நோய் கண்டது. தோட்டம் தோட்டமாக இலை உதிர்ந்தது. 1873இல் காமிராவைப் பரிசளித்த மகள் பிள்ளைப்பேற்றில் இறந்துபோனாள். மறு ஆண்டு அம்மையார் தம் கண்ணாடிக் கூடத்தின் வரலாற்றை எழுதத் தொடங்கி, முடிக்காமலே விட்டார். 1875 அக்டோபரில் கணவனும் மனைவியும் இலங்கைக்குக் கப்பலேறினார்கள். சாமான்களோடு ஒரு பசுவையும், இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுபோனார்கள் என்று சொல்லப்படுகிறது.

இலங்கையில் களுத்துறைக் கடற்கரையில் குடியிருந்தார்கள். 1877இல் அங்கு வந்த தாவர ஓவியர் மரியான் நார்த்தைப் பிடித்து உட்காரவைத்துப் படம் எடுத்தார். சுற்றிலும் வேலை செய்த மக்களையும் எடுத்தார். அவ்வாண்டுகளின் படங்களாக இன்று நமக்குக் கிடைப்பவை முப்பதுக்கும் குறைவு. வெப்பத்தில் கொலோடியன் விரைவில் காய்ந்துவிடும். இரசாயனம் கப்பலில் வர வேண்டும். வயதும் அறுபதைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் எடுத்தவை ஆயிரத்துக்கும் குறையாது.

அந்த முப்பதுக்குள் சிலவற்றை நான் நெடுநேரம் பார்த்தேன். ஒரு பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறாள். குடியானவர்கள் சிலர் கூட்டமாக நிற்கிறார்கள். பார்வை நேராக நம்மேல் விழுகிறது. இங்கே மங்கல் இல்லை, கனவு இல்லை, தேவதை இல்லை. பெயரும் இல்லை. பிரஷ்வாட்டரில் தட்டுக் கழுவிய மேரியின் பெயரை உலகம் அறியும். களுத்துறையில் நின்ற இவர்களை இளம்பெண் என்றும், குடியானவர் கூட்டம் என்றும்தான் குறித்திருக்கிறார்கள். அம்மையாரிடம் எனக்குள்ள அன்பில் இது ஒரு முள். அவருடைய கணவர் 1830களில் கோல்புரூக்கோடு சேர்ந்து எழுதிய அறிக்கையினால்தான் இலங்கையில் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்தது; கூலிக்கு ஆள் வைக்கும் தோட்டங்களுக்கு வழி பிறந்தது. அந்தக் காப்பித் தோட்டங்களுக்குக் கடல் கடந்தும் காடு கடந்தும் நடந்து போனவர்கள் நம் தென் மாவட்டத்து மக்கள். டிம்போலா என்ற பெயர் வைட் தீவின் வாசலில் தொங்கியபோது, அதே பெயருள்ள மலையில் அவர்கள் லயங்களில் படுத்திருந்தார்கள்.

ஜூலியா மார்கரெட் காமரன் 1879 ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமானார். பொகவந்தலாவை புனித மேரி ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டு கணவரும் அவர் பக்கத்திலேயே அடங்கினார்.

பொகவந்தலாவை என்ற பெயரைப் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். என் அம்மாயி பிறந்த இடம் அது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கென்று எண்ணப்பட்டு, 1974இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, நீலகிரியில் மீண்டும் தேயிலைக்கே போனவர். பூஜை விடுமுறையில் கோத்தகிரி போனதும் அந்த ஆலயத்தைப் பற்றிக் கேட்டேன். வெள்ளைக்காரர் கல்லறைகள் உள்ள கோயில் என்று தெரியும், உள்ளே போனதில்லை என்றார். அம்மாயியின் இளவயதுப் படமென்று வீட்டில் இருப்பது ஒன்றே, கடவுச்சீட்டுக்காக எடுத்தது. அதில் அவர் குற்றவாளியைப் போல நேராக நிற்கிறார்.

மறுநாள் மாலை அம்மாயியை வாசல் திண்ணையில் ஒரு பக்கத்து வெளிச்சத்தில் உட்காரவைத்தேன். பின்னால் கறுப்புக் கம்பளி. துளை 2, உணர்திறன் 400, நேரம் அறுபதில் ஒன்று. காமிராவைக் கண்டதும் கடவுச்சீட்டு முகம் வந்துவிட்டது. நான் எடுக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து, காலைப் பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று கேட்டேன். பேச ஆரம்பித்தார். ஏழு நிமிடம் ஆயிற்றா, பத்து ஆயிற்றா, நான் பார்க்கவில்லை. நடுவில் பேச்சு நின்றது, அப்போது எடுத்தேன். வலக்கண் தெளிவாக இருக்கிறது. காதிலுள்ள தோடு கரைந்துவிட்டது.

குன்னூரில் பிரதி போட்டுக்கொண்டு வந்து, பின்பக்கத்தில் அம்மாயியின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதினேன். அம்மாயி வாங்கிப் பார்த்தார். தம்முடைய அம்மாவுக்கு ஒரு படமும் இல்லை, அந்தப் பெயரையும் இதிலேயே எழுதிவிடு என்றார். பேனாவை மறுபடியும் திறந்தேன்.